மிளகு, சட்டி, அவசரம்

நவம்பர் 3, வெள்ளி

இன்றைக்கும் சாப்பிடவில்லை. காலையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த பாணும் யோகட்டும் அப்படியே கிடந்தன. மத்தியானம் நான் கொண்டுபோன சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, அதுவும் அப்படியே. ஒரு கரண்டி மட்டும் வாய்க்குள் போனது. அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தார். கடைசியில் நான்தான் டிஷ்யூவை நீட்டினேன்.

"டொக்டர் சொல்லுறதை எழுதி வையுங்கோ அம்மா, நீங்கள் ஒண்டைக் கேட்டு எனக்கு வேறொண்டைச் சொல்லுறியள்" என்று ஆரணி பிறேமனில் இருந்து தினமும் தொலைபேசியில் கத்துகிறாள். ஒற்றை மகள், கத்தட்டும். எழுதுகிறேன். டொக்டர் சொன்னது: இருதய ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. காயம் ஆறுகிறது. விழுங்குவதில் பிழை ஒன்றும் இல்லை. சாப்பிட விருப்பம்தான் இல்லை. சாப்பிட்டால்தான் உடம்பில் பிடிப்பு வரும், எழும்பி நடப்பார்.

இவருக்குச் சாப்பாட்டில் விருப்பம் எப்போது இருந்தது என்று டொக்டரிடம் திருப்பிக் கேட்க வாய் உன்னியது. தில்லையம்பலம் என்றால் டோர்ட்முண்டில் உள்ள தமிழ்ச் சனம் எல்லாருக்கும் தெரியும். முருகன் கோயில் பொருளாளர். வெள்ளிக்கிழமை வேலையால் வந்தால் ஒரு கிளாஸ் பால், அவ்வளவுதான், விரதம். கந்தசஷ்டி ஆறு நாளும் மிளகு விரதம், கொஞ்ச மிளகும் தண்ணீரும் தவிர வேறொன்றும் இல்லை. சூரன்போர் அன்று மைக்கைப் பிடித்து 'விரத மகிமை' என்று பேசினால் கிழவிகள் கண்ணைத் துடைப்பார்கள். எங்கள் வீட்டில் சைவச் சட்டி வேறு, மச்சச் சட்டி வேறு. ஆடு, கோழி, மீன் எல்லாம் நாள் பார்த்துத்தான். மாட்டிறைச்சி வாசற்படி ஏறியதே இல்லை.

எனக்கும் பெரிதாகச் சாப்பிட வராது. சமைக்கிற மணத்திலேயே வயிறு நிறைந்துவிடும்.

நவம்பர் 4, சனி

புட்டும் முருங்கைக்காய்க் குழம்பும் கொண்டுபோனேன். "பிறகு" என்றார். அவருடைய பிறகு எனக்குத் தெரியாதா. வீட்டுக்கு வந்து உடுப்புத் தோய்த்தேன், திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்த்தேன், தோய்த்து வைத்திருந்த மேசை விரிப்பை மறுபடி தோய்த்தேன்.

நவம்பர் 7, செவ்வாய்

எலிஃப் என்று ஒரு தாதி. துருக்கிக்காரப் பெண், ஆரணியின் வயது இருக்கும். நான் வார்டுக்குள் கால் வைக்கவும் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்தாள்.

"உங்கள் கணவர் சாப்பாடு கேட்டார்! அரைத் தூக்கத்தில்!"

என் நெஞ்சு குளிர்ந்தது. என்ன கேட்டார் என்றேன். இடியப்பமாக இருக்கும் என்று நினைத்தேன். நேற்றைய சொதி நன்றாக வந்திருந்தது.

"பெஃபர்பொட்ஹாஸ்ட்! பக்கத்தில் ஊறவைத்த வெள்ளரிக்காயும் வேண்டுமாம்."

அது என்ன கோதாரி என்று எனக்கு விளங்கவில்லை. அவள் விளக்கினாள். இந்த ஊரின் பழைய சாப்பாடு. மாட்டிறைச்சித் துண்டுகள், அதே அளவு வெங்காயம், மிளகு, சட்டியில் போட்டு அவித்துப் பாண்தூளால் தடிக்க வைப்பது. சொல்லும்போதே அவளுக்கு வாய் ஊறியது.

நான் சிரித்தேன். இவர் இருபத்தெட்டு வருஷம் ஒரு ஜெர்மன் சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை செய்தவர், ஆட்கள் கேட்டதைத் தூக்கத்தில் சொல்லியிருப்பார், அவ்வளவுதான் என்றேன். அவர் மாடு தொடமாட்டார் என்றும் சொன்னேன்.

"இல்லையே, 'எனக்கு' என்றுதான் சொன்னார்" என்றாள் எலிஃப்.

சின்னப் பிள்ளைகளுக்குக் காது சரியில்லை. எந்த நேரமும் காதுக்குள் எதையாவது செருகிக்கொண்டு திரிந்தால் இப்படித்தான்.

நவம்பர் 8, புதன்

ஆரணியிடம் கேட்டேன், பொட்ஹாஸ்ட் தெரியுமா என்று. "பொட்காஸ்டோ? அப்பா பொட்காஸ்ட் கேக்கிறாரோ? என்ன பொட்காஸ்ட்?" என்று ஒரே சந்தோஷம் அவளுக்கு. அரை மணித்தியாலம் இருவரும் இரண்டு வேறு விஷயம் கதைத்துக்கொண்டிருந்தோம். விளங்கிய பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா மாடு சாப்பிடுறவரோ அம்மா?"

"உனக்கென்ன விசரோ?" என்று போனை வைத்துவிட்டேன்.

ஹெட்விக் மறுபடியும் போன் எடுத்தாள். இவர் வேலை செய்த கடையின் முதலாளியம்மா. புருஷன் செத்து, கடையைப் பூட்டி, இப்போது அதன் மேல்மாடியில் தனியாக இருக்கிறாள். ஒப்பரேஷன் முடிந்த நாளில் இருந்து எடுக்கிறாள். என் கை ஈரமாக இருந்தது, எடுக்கவில்லை. துடைத்த பிறகும் அடித்துக்கொண்டிருந்தது.

நவம்பர் 10, வெள்ளி

டொக்டர் சொன்னது: அடுத்த வாரம் முழுவதும் பார்ப்பார்கள். அதற்குள் வாயால் சாப்பிடத் தொடங்காவிட்டால் இருபதாம் திகதி, திங்கட்கிழமை, மூக்கு வழியாகக் குழாய். அப்படியும் தேறாவிட்டால் வயிற்றில் துளை போட்டு நேரே குழாய். "சில பேர் அதன் பிறகு வாயால் சாப்பிடுவதையே விட்டுவிடுகிறார்கள்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொல்கிறார்களே என்றுதான் பயமாக இருக்கிறது.

ட்ராமில் இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி வரை போய், திரும்பி வந்தேன்.

கோயில் தலைவர் வைத்திலிங்கம் அண்ணை எடுத்தார். திங்கட்கிழமை சஷ்டி தொடங்குகிறது, இந்த முறை விரத மகிமைப் பேச்சுக்கு ஆள் இல்லையாம். "எங்கடை தில்லையர் மாதிரி விரதம் காக்க இந்த நாட்டிலை ஆர் இருக்கினம், தங்கச்சி?" என்றார். மிளகு விரதத்தை இந்த முறை அவருக்காக நான் பிடிக்கிறேன் என்று சொன்னேன். முருகனைக் கேட்பதற்கு எனக்கு ஒன்றுதான் இருக்கிறது: இவர் வாயைத் திறந்து சாப்பிடவேண்டும்.

வெள்ளிக்கிழமை என்று எழுதும்போதுதான் யோசித்தேன். இருபத்தெட்டு வருஷமாக வெள்ளிக்கிழமை இவருக்குப் பசித்ததே இல்லை.

நவம்பர் 13, திங்கள்

முதல் நாள். மிளகைக் கடித்து விழுங்கித் தண்ணீர் குடித்தேன். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

இரண்டு பஸ் மாறி, தமிழ் ஆட்கள் வராத ஒரு கடைக்குப் போய் மாட்டிறைச்சி வாங்கினேன். என்ன துண்டு வேண்டும் என்று கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? "கணவனுக்கு" என்றேன். சிரித்துக்கொண்டு வெட்டித் தந்தான். மூன்று பையில் சுற்றிக்கொண்டு வந்து பல்கனியில் வைத்தேன். கார்த்திகைக் குளிருக்குப் பிரிட்ஜ் தேவையில்லை, என் பிரிட்ஜுக்குள் அதை வைக்கவும் மாட்டேன்.

எலிஃப்புக்குக் காது சரியில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் ஒருவேளை, ஆஸ்பத்திரியில் கிடந்து இந்த ஊர் மனிதர் சாப்பாட்டில் புதிதாக ஒரு ஆசை வந்திருக்கலாம் அல்லவா.

நவம்பர் 14, செவ்வாய்

குசினிக்குள் வைக்க மனம் வரவில்லை. பழைய மின்சார அடுப்பைப் பல்கனிக்கு இழுத்து, புதிதாக வாங்கிய பிரஷர் குக்கரில் வைத்தேன். சைவச் சட்டியும் இல்லை, மச்சச் சட்டியும் இல்லை, மூன்றாவது சாதி.

சமையல் முறை சொல்ல ஆள் இல்லை. எலிஃப் சொன்னது பாதி நினைவு. மீதியைப் பெயரில் இருந்து எடுத்தேன். நான் இந்த நாட்டில் ஜெர்மன் படித்ததே சொல்லை உடைத்து உடைத்துத்தான். பெஃபர் மிளகு. பொட் சட்டி. ஹாஸ்ட்? ஆரணியின் பழைய அகராதியில் பார்த்தேன். அவசரம். மிளகு, சட்டி, அவசரம். பெயரிலேயே செய்முறை இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். கெதியாகச் சமைக்கிற சாமான், அதனால்தான் கடைகளில் விற்கிறார்கள்.

பெரிய நெருப்பு. நாலு விசில். மிளகை எங்கள் ஊர்க் கணக்கில் அள்ளி இடித்துப் போட்டேன், பெயரில் முதல் வருவதே அதுதானே. ருசி பார்க்க வழி இல்லை. விரதம் இல்லாவிட்டாலும் பார்த்திருக்கமாட்டேன். மணத்தைப் பிடித்து உப்புப் போட்டேன். மேல்மாடி மங்கையற்கரசி பல்கனியில் எட்டிப் பார்த்து "என்ன அக்கா, குளிருக்குள்ளை நிண்டு சமையல்?" என்றாள். பெயின்ட் அடிக்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 15, புதன்

மூடியைத் திறந்ததும் இவருடைய கண் திறந்தது. அதை நான் கண்டேன், பொய் இல்லை. மூக்கு மேலே எழும்பியது. நான் பேசவில்லை, என்ன கறி என்று சொல்லவும் இல்லை. அவரும் கேட்கவில்லை. வாயைத் திறந்தார்.

ஒரு வாய்தான். இறைச்சி செருப்புத்தோல் மாதிரி. மிளகு தொண்டையில் ஏறியது. இருமல் தொடங்கியது, நிற்கவில்லை. நெஞ்சைக் கீறித் தைத்த மனிதருக்கு இருமல் என்றால் என்ன என்று நான் எழுதத் தேவையில்லை. தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முகம் நீலமாகி, ஒவ்வொரு இருமலுக்கும் ஒரு சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தை ஷெல் விழுந்த காலத்திலும் அவர் வாயில் நான் கேட்கவில்லை.

பெரிய தாதி வந்து சட்டியை மூடிக் கதவுக்கு வெளியே வைத்தாள். இனி வீட்டுச் சாப்பாடு இந்த வார்டுக்குள் வரக்கூடாது என்றாள்.

நான் வெளியில் போட்டிருந்த வாங்கில் குந்தி அழுதேன். பசியில் அழுதேனா, கோபத்தில் அழுதேனா தெரியாது. வாயைத் திறந்தாரே. மாட்டுக்கு வாயைத் திறந்தாரே.

நவம்பர் 16, வியாழன்

ஹெட்விக் எடுத்தாள். எடுத்தேன்.

நவம்பர் 17, வெள்ளி

ஹெட்விக்கின் படிகள் செங்குத்து. ஐந்து நாள் மிளகோடு ஏறினால் கண் இருட்டுகிறது. அவள் மேலே நின்று சிகரெட்டை நசுக்கிவிட்டு என் கைப்பையை வாங்கினாள். எழுபது தாண்டிய பெரிய உடம்புக்காரி. வழி முழுக்க நான் மனதுக்குள் பாடமாக்கிக்கொண்டு போன கேள்வி ஒன்று இருந்தது. அதைக் கேட்க முன்னமே அவள், "டில்லி எப்படி இருக்கிறான்?" என்றாள்.

டில்லி. ஜெர்மன்காரரிடம் அது பெண் பிள்ளைக்கு வைக்கிற பெயர். தில்லையம்பலத்தை டில்லியாக்கி வைத்திருந்திருக்கிறாள்.

நான் புதன்கிழமை நடந்ததைச் சொன்னேன். நாலு விசில், பெரிய நெருப்பு, ஹாஸ்ட் என்றால் அவசரம்தானே என்றேன். சிரித்தாள், சிரித்து இருமினாள், கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஹாஸ்ட் இல்லை, கண்ணே. இது எங்கள் பழைய பேச்சு. ஹாஸ்ட் என்றால் இறைச்சித் துண்டு. அவசரப்பட்டால் இது கல்லாகிவிடும். மத்தியானம் முழுக்கக் குறைந்த நெருப்பில் கிடக்கவேண்டும். நாளைக்குச் சூடாக்கினால் இன்னும் நல்லது."

அவளே இறைச்சி வாங்கி வைத்திருந்தாள். வெங்காயத்தை நான் வெட்டினேன், இறைச்சிக்குச் சரியளவு. கராம்பு, பிரிஞ்சி இலை, மிளகு. மிளகை அவள் எண்ணிப் போடுவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, என்னுடைய விரதக் கணக்கைவிடக் கொஞ்சம்தான் கூட. நான் கிளறினேன், அவள் ருசி பார்த்தாள். "நீ பார்க்கவில்லையா?" என்றாள். விரதம் என்றேன். அதற்குத் தலையாட்டினாள். "நவம்பரில் ஆறு நாள். தெரியும். அந்த வாரம் அவனுக்கு நான் எதைக் காட்டினாலும் தொடமாட்டான். எனக்குக் கோபம் வரும்."

அப்படியென்றால் மற்ற வாரம்?

கேட்டுவிட்டேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். வெள்ளிக்கிழமை கடைக்கு வருகிறவர்களுக்கு மீன். குசினிக்குள் சனிக்கிழமை விற்கப் பொட்ஹாஸ்ட் வேகும். வேலை ஆட்களுக்கு அதில் முதல் தட்டு. இவர் வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை பாத்திரம் கழுவிய இடத்திலேயே மயங்கி விழுந்தாராம். அவள் ஒரு கோப்பையை நீட்டியிருக்கிறாள், என்ன இறைச்சி என்று சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அடுத்த கிழமை தெரிந்த பிறகும் கோப்பையை நீட்டினாராம்.

"வீட்டில் சாப்பிடுவதில்லையா என்று கேட்டேன். ஊரில் இருந்து வந்த பையன்கள் ஏழு பேர் வீட்டில் படுத்திருக்கிறார்கள், சட்டிச் சோறு அவர்களுக்கே காணாது, வெள்ளிக்கிழமை எனக்கு விரதம் என்று சொல்லிவிட்டால் என் பங்கு அவர்களுக்குப் போகும், சாமி விஷயம் என்றால் யாரும் வற்புறுத்தமாட்டார்கள் என்றான்."

பிறகு பையன்கள் ஒவ்வொருவராய்க் கல்யாணம் கட்டிப் போனார்கள். சட்டி நிறைந்தது. ஆனால் அதற்குள் இவர் விரதக்காரர் ஆகிவிட்டார். கோயிலில் மாலை போட்டுவிட்டார்கள். கையில் மைக்கையும் கொடுத்துவிட்டார்கள். இறங்க வழியில்லை.

"உன்னிடம் சொல் என்று எத்தனை தரம் சொன்னேன் தெரியுமா?" என்றாள் ஹெட்விக். "அவளுக்கு நான் ஒரு சாமி மாதிரி, சொன்னால் உடைந்துபோவாள் என்பான்."

எனக்கு இவர் சாமியா? காலுறையைக் கதிரைக்குக் கீழே கழற்றிப் போடுகிற மனிதர். கோபம் வந்தது. இவர் உனக்கு யார் என்று பாடமாக்கிக்கொண்டு போன கேள்வியைக் கேட்காமலே விட்டேன், அதற்கும் கோபம் வந்தது. இந்தக் குசினியில் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டிருக்கிறார். என் குசினியில் நான் வைத்ததை வைத்தபடி சாப்பிட்டார், நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. பொறாமைதான். வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

அந்த ஏழு பையன்களின் காலம் எனக்கும் தெரியும். நான் குசினிக்குள் நின்றபடியே சாப்பிட்டுவிட்டேன் என்று எல்லாருக்கும் சொல்வேன். அது வேறு கதை.

எலிஃப் பெரிய தாதியிடம் கதைத்திருக்கிறாள். மிருதுவான சாப்பாடு என்றால் ஒரு தரம் விடலாமாம். திங்கட்கிழமைக்குக் குழாய் எழுதிவிட்டார்கள்.

நவம்பர் 18, சனி

சூரன்போர். பின்னேரம் கோயிலில் சூரனை வெட்டுவார்கள். மத்தியானம் ஹெட்விக்கின் சட்டியைத் துவாயால் சுற்றிக்கொண்டு வார்டுக்குப் போனேன்.

கோப்பையில் ஊற்றியதும் பார்த்தார். மண்ணிறக் குழம்பு, வெங்காயம் கரைந்து, இறைச்சி கரண்டி பட்டதும் பிரிந்தது. என் முகத்தைப் பார்த்தார்.

"எங்கை எடுத்தனீர்?"

"ஹெட்விக்கிட்டை."

கண்ணை மூடினார். வெறும் எலும்பாகிவிட்டது முகம். "எல்லாம் சொல்லிப்போட்டாளோ?"

"ஓம். சொல்லிப்போட்டா."

"இண்டைக்குச் சூரன்போர், சறோ."

"வருத்தக்காரருக்கு விரதமில்லை. உங்களுக்குப் பதிலா நான் பிடிக்கிறன். சாப்பிடுங்கோ."

"இந்த ஆறு நாளும் நான் ஏமாத்தினதே இல்லை. இது ஒண்டுதான் உண்மையாப் பிடிச்சனான்." பிறகு சுவர்ப் பக்கம் திரும்பினார். "நீர் பாத்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாது."

திட்டவேண்டும் போலவும் இருந்தது, அந்த எலும்புக் கன்னத்தைத் தடவவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. கோப்பையையும் கரண்டியையும் அவர் கையில் வைத்துவிட்டுக் கதிரையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்து இருந்தேன். கீழே தரிப்பிடத்தில் ஒரு கிழவர் காரை நிறுத்த முடியாமல் முன்னுக்கும் பின்னுக்கும் போய்க்கொண்டிருந்தார். பின்னால் சத்தமே இல்லை. திங்கட்கிழமை, திங்கட்கிழமை என்று என் காது இரைந்தது. பிறகு கரண்டி கோப்பையில் ஒருதரம் தட்டுப்பட்டது.

கதவு திறந்தது. வைத்திலிங்கம் அண்ணை. வேட்டி, அதற்கு மேல் குளிர்க் கோட்டு, கையில் திருநீற்றுப் பொட்டலம்.

நான் எப்படி எழும்பினேன் என்று தெரியாது. இவர் கையில் இருந்த கோப்பையைப் பறித்து என் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கரண்டியில் எடுத்தது எடுத்தபடி இருந்தது. அவர் இன்னும் வாயில் வைக்கவில்லை.

"சூரன்போருக்குப் போக முதல் எங்கடை தில்லையருக்குத் திருநீறு பூசிப்போட்டுப் போவம் எண்டு..." என்று வந்த அண்ணை மூக்கைச் சுருக்கினார். "என்ன தங்கச்சி, கறி மணக்குது?"

"என்ரை சாப்பாடு, அண்ணை."

"என்ன கறி?"

"மாடு."

அண்ணையின் கை நெஞ்சுக்குப் போனது. "சூரன்போரண்டோ? நீர் மிளகு விரதமெண்டெல்லோ சொன்னனீர்! நான் கோயிலிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்!"

"பசிச்சுது, அண்ணை."

சொன்ன பிறகுதான் அது பொய் இல்லை என்று எனக்கு விளங்கியது. பசித்தது. ஆறு நாளாக மட்டும் இல்லை. அண்ணை நம்பாமல் இவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவைக்க ஒரு வழிதான் இருந்தது. கரண்டியைத் தூக்கினேன். முருகனோடு பிறகு கதைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மணம் முகத்தில் அடித்தது. வாயைத் திறந்தேன்.

என் மணிக்கட்டில் ஒரு கை விழுந்தது. ஊசி குத்திப் பச்சையாய்ப் போன கை. அதில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

"அவவுக்கு விரதம், அண்ணை" என்றார் இவர். "அது என்ரை. இஞ்சை தாரும்."

கரண்டியை என் கையோடு சேர்த்துத் தன் வாய்க்கு இழுத்தார். மென்றார். நானும் அண்ணையும் அவருடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கினார். கோப்பையை என்னிடம் இருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி எடுத்தார்.

"தில்லையர்..." என்றார் அண்ணை.

"வெள்ளிக்கிழமையளிலை சாப்பிடுறனான், அண்ணை. இருவத்தெட்டு வருசம்." வாய் நிறைய இருந்ததால் பாதிதான் விளங்கியது. அடுத்த துண்டைக் கரண்டியால் பிரித்தார்.

அண்ணை திருநீற்றை இரண்டு விரலால் எடுத்தபடி நின்றார். பூசுவதா, திரும்பிப் போவதா என்று அவருக்கே தெரியவில்லை.

"பூசுறதெண்டால் கெதியாப் பூசுங்கோ, அண்ணை" என்றார் இவர். "சாப்பாடு ஆறுது."